சங்ககிரி ரோட்டில் ஆறு பிளேட்

நம் போட்டோக்காரர்களின் போன மாதக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஐயா, மோட்டார் சைக்கிள் ஓடும்போது அதைப் படமெடுத்தால் நிற்கிற மாதிரியே விழுகிறது. ஓடுகிற மாதிரி எடுப்பது எப்படி?" கையில் குடையும் பையும் இருந்ததால் பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்தக் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதிலை மட்டும் சொல்வது சரியல்ல என்று பட்டது. ஷட்டர், வெளிச்சம், தூரம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் பதிலுக்கு வந்து சேர்ந்த வழி புத்தகத்தில் இல்லை. அது அவ்வளவு நல்ல வழியும் அல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு ரீடச் வேலை. பிளேட் என்கிற கண்ணாடி நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, முகத்தில் உள்ள அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு, இவற்றையெல்லாம் பென்சிலாலும் கத்தியாலும் எடுத்துவிடுகிற வேலை. எனக்குக் கை நிதானம் உண்டு. ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களின் முகத்தை நான் திருத்தியிருக்கிறேன். படம் எடுக்கிற வேலை எனக்கு எப்போதாவதுதான் கிடைக்கும்.

என் முதலாளி, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து பத்திரிகைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி வேகமான ஷட்டர் உள்ள கேமரா ஒன்றை வாங்கிவைத்திருந்தார். அவருக்கு அதைத் தொடப் பயம். எனக்கு ஆசை. இந்த நேரத்தில்தான் ஊரின் மோட்டார் சைக்கிள் ஏஜெண்ட் ஸ்டூடியோவுக்கு வந்தார். புதிதாக ஒரு வண்டி ரயிலில் வந்து இறங்கியிருந்தது. பொங்கலுக்குக் காலண்டர் போட அதன் படம் வேண்டும்.

"நிக்கிற வண்டிய எவன் வேணா எடுப்பான். எனக்கு ஓடணும். சுவத்துல மாட்டுனா காத்து வீசணும்," என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எடுக்கிறேன் என்றேன்.

வண்டியை ஓட்டியவர் அர்த்தநாரி. ஏஜெண்டின் கடையில் மெக்கானிக். அம்மாபேட்டையில் நெசவுக் குடும்பம். தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் இன்ஜின் பக்கம் வந்தவர். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார், அதைச் செய்தும் விடுவார். இப்படிப்பட்டவரோடு வேலை செய்வது எவ்வளவு சுகமோ அவ்வளவு ஆபத்து என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் ஊருக்கு வெளியே போய் நாலு பிளேட் எடுத்தேன். ஷட்டரை இருப்பதிலேயே வேகமாக வைத்தேன். படம் ஊசி முனை மாதிரி தெளிவாக விழுந்தது. சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஏஜெண்ட் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மேல ஆளை உக்கார வெச்ச மாதிரி இருக்குது. இதுக்கு எதுக்கு அஞ்சு மைல் போனீங்க?"

அவர் சொன்னது சரி. நான் அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. வண்டி போதுமான வேகத்தில் வரவில்லை என்று நினைத்தேன். இன்னும் வேகமாக வந்தால் புழுதி கிளம்பும், ஆள் முன்னால் குனிவான், வண்டி பாயும். அப்போது படமும் பாயும் என்று நினைத்தேன். கோளாறு என் கையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, அடுத்தவரை இன்னும் கொஞ்சம் சிரமப்படச் சொல்வது எளிது.

அடுத்த வாரம் சங்ககிரிக்கு மேற்கே, குமாரபாளையம் போகிற ரோட்டில் இடம் பார்த்தேன். அங்கே ரோடு ஒரு மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கி, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி, எதிர்மேட்டில் ஏறும். இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். மேற்கு மேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் பள்ளம், பாலம், எதிர்மேடு, அதற்குப் பின்னால் சங்ககிரி மலை. சாயங்கால வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ரோடு முழுவதும் விழும். காலண்டருக்கென்றே செய்துவைத்த இடம்.

அர்த்தநாரி எதிர்மேட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் தள்ளி வண்டியோடு நிற்க வேண்டும். நான் இருந்த மேடு உயரமானது. அதனால் அங்கிருந்து அவருக்கு நான் தெரிவேன், பள்ளம் தெரியாது. நான் வெள்ளைத் துணியைப் பிடித்த இடது கையைத் தூக்கினால் அவர் வண்டியை விரட்டிக்கொண்டு வர வேண்டும். கையை இறக்கினால் நிறுத்திவிட வேண்டும். பள்ளத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. இதை நான்தான் அவரிடம் சொன்னேன்.

"நடு ரோட்டுலயே வாங்க. ஓரத்துல வந்தா படத்துல வண்டி மூலைக்குப் போயிரும்."

"சரிங்க."

கையில் ஆறு பிளேட் இருந்தது. ஐந்து தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் பள்ளத்தில் இறங்கிப் போய், "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றேன். ஐந்தாவது தடவை அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கப்பி பேந்து கிடக்குதுங்க, வழுக்குது," என்றார். எங்கள் மாவட்டத்து ரோடுகள் அப்போது தாரைப் பார்த்ததில்லை. எல்லாம் உடைகல் பரப்பிய கப்பி ரோடுதான். "கடைசி ஒண்ணே ஒண்ணுங்க," என்றேன். "சரிங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவர் எதிர்மேட்டைத் தாண்டிப் போனதும் எனக்குப் பின்னாலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தது. ஓட்டிவந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியில் பருத்திக்கொட்டை மூட்டைகள். என் மூன்று கால் ஸ்டாண்டையும் கறுப்புத் துணியையும் பார்த்து எருதுகளை நிறுத்தினார்.

"ஏனுங்க சாமி, ரோடு அளக்கிறீங்களா?"

"இல்லீங்க, படம் புடிக்கிறோம். நீங்க எவ்வளவு தூரம் போகணும்?"

"பாலத்தத் தாண்டுனா எங்க காட்டுக்குப் போற தடமுங்க. அதுல எறங்கிருவேன்."

அவர் பெயர் பாவாயி என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் வீட்டுக்காரருக்கு ஒரு கை விளங்காமல் போய் நாலு வருஷமாகியிருந்தது என்பதும், வண்டி, உழவு, சந்தை எல்லாம் இவர்தான் என்பதும் பிறகு தெரிந்தது. எருதுகளைத் தட்டிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார்.

இப்போது கவனியுங்கள். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பிளேட்டுக்கு மஞ்சள் வெயில் ஏறாது. கண்ணுக்கு வெளிச்சம் இருக்கும், பிளேட்டுக்கு இருக்காது. எனக்கு இன்னும் நாலைந்து நிமிஷந்தான் இருந்தது. பின்னால் காருக்குள் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட், "என்னப்பா, பொழுது போகுதே," என்று குரல் கொடுத்தார். மாட்டு வண்டி பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி வண்டியைக் கிளப்பி வேகம் பிடிப்பதற்குள் அந்த அம்மாள் பாலத்தைத் தாண்டித் தடத்தில் இறங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அது கணக்கல்ல, ஆசை. ஆசைக்குக் கணக்கின் சட்டையை மாட்டிவிட்டேன்.

கையைத் தூக்கினேன்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எருதுகள் மிரண்டு பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. பாவாயி அவற்றை இடது பக்கமாகப் பிடித்து இழுத்தார். ஒரு சக்கரம் வெள்ளைக் கல்லைத் தாண்டி மண்ணில் இறங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் என் இடது கையை இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. அர்த்தநாரி எதிர்மேட்டின் உச்சியில் எழும்பி வந்தார். பின்னால் மலை, மேலெல்லாம் வெயில், சக்கரத்துக்கு அடியில் புழுதி. நான் அவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்த படம் அதுதான். அவர் பிரேக்கை அழுத்தினார். பாலத்தின் மேல் பின்சக்கரம் பக்கவாட்டில் போனது. வண்டி சாய்ந்து, அவரையும் இழுத்துக்கொண்டு, எருதின் காலுக்குள் போனது.

நான் ஷட்டரை அழுத்தினேன்.

அதற்கடுத்து நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் மூடியைத் தள்ளி மூடினேன். வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்று கை தானாகச் செய்தது. பிறகுதான் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாவாயி வண்டியிலிருந்து குதித்து, மோட்டார் சைக்கிளின் பிடியைப் பற்றித் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய எருது முன்னங்கால் மடங்கிக் கிடந்து மூச்சு வாங்கியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏனுங்க நிக்கிறீங்க? அந்தப் பக்கம் புடிங்க! ஆளு அடியில கிடக்குறாரு!"

தூக்கினோம். அர்த்தநாரியின் வலது முழங்கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. பாவாயி தலைத்துண்டை அவிழ்த்து இறுகக் கட்டினார். அதற்குள் ஏஜெண்டும் டிரைவரும் வந்தார்கள். ஏஜெண்ட் முதலில் வண்டியைப் பார்த்தார், அடுத்து ஆளைப் பார்த்தார், கடைசியாகப் பாவாயியிடம் திரும்பினார்.

"நடு ரோட்டுல தூங்கிட்டே ஓட்டிட்டு வந்தியா நீ?"

"நானுங்களா நடு ரோட்டுல வந்தேன்?" என்றார் பாவாயி. எருதின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அர்த்தநாரியைக் காரில் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். வழியில் அவர் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"படம் உழுந்துச்சுங்களா?"

விழுந்தது. அன்றைக்கே கழுவிப் பார்த்தேன். அதைப்போல ஒரு நெகட்டிவ் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாய்ந்த வண்டி, தரையிலிருந்து பறந்த கப்பிக்கல், மிரண்ட எருதின் கண் எல்லாம் அதில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது. மாட்டு வண்டியின் இடது சக்கரம் வெள்ளைக் கற்களுக்கு வெளியே, மண்ணில் நின்றது. மோட்டார் சைக்கிள் நடு ரோட்டில் இருந்தது.

இரண்டு நாளில் ஏஜெண்ட் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். பெண்பிள்ளை நடு ரோட்டில் வண்டியை ஓட்டிவந்து புது மோட்டார் சைக்கிளையும் ஆளையும் நாசமாக்கிவிட்டாள் என்று புகார். அர்த்தநாரி ஆஸ்பத்திரியில் தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்ற பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சமிருந்த சாட்சி நான். என்னைவிடப் பெரிய சாட்சி அந்தப் பிளேட். அதை ஏஜெண்ட் ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்தார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மைத் தழும்பையே எடுக்கறே. நாலு கல்ல எடுக்க மாட்டியா?"

கற்களை எடுத்துவிட்டால் ரோட்டின் ஓரம் எங்கே என்று படத்தில் தெரியாது. மாட்டு வண்டி ரோட்டின் மேலேயே நிற்கிற மாதிரி ஆகிவிடும். அவர் படத்தை நன்றாகப் படித்திருந்தார்.

"என்னைப் பொய் சாட்சி சொல்லச் சொல்றீங்களா?"

"நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம். படம் சொல்லட்டும்."

என் முதலாளி இதையெல்லாம் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏஜெண்ட் போனதும் வந்து, டார்க் ரூம் சாவியை என் மேசையில் வைத்தார். "நான் பவானிக்குப் போயிட்டு வாரேன். ரெண்டு நாளாகும். புதன்கிழமை ஸ்டேஷன்ல கூப்பிட்டிருக்காங்களாம். நீ போ," என்றார். அவர் எனக்கு உபகாரம் செய்தாரா, நழுவிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவைதான்.

மறுநாள் காலை நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் படத்தின் கீழ்ப்பகுதியைச் சரியாகக் கவனித்தேன். என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்த வெயில் இருந்ததல்லவா, என் நிழல் நீண்டு ரோட்டில் இறங்கி விழுந்திருந்தது. தலை, தோள், தூக்கிய இடது கை, கையில் துணியின் முனை. கை கடைசிவரை இறங்கவில்லை என்பதை என்னைத் தவிர அந்தப் பிளேட்டும் பார்த்திருந்தது.

ஏஜெண்ட் கேட்ட கற்களை நான் தொடவில்லை. நான் முதலில் தொட்டது என் நிழலை. பென்சிலைக் கூராகச் சீவி, தூக்கிய கையைத் தோளிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். நல்ல வேலை. அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் வெறும் ரோடுதான் இருந்தது. யாரும் என்னிடம் கேட்காத வேலை அது. யாருக்கும் தெரியவும் போவதில்லை. அதை முடித்த கையோடு, கற்களுக்காகக் கத்தியை எடுத்தேன்.

ரீடச் செய்தவர்களுக்குத் தெரியும்: நெகட்டிவில் நிழல் வெளுத்திருக்கும், அதை மூடப் பென்சில் போதும், பிடிக்காவிட்டால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம். வெள்ளைக் கல் அதில் கறுப்பாக இருக்கும், அதை எடுக்கக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டியது திரும்பி வராது. கத்தி முனையை முதல் கல்லின் மேல் வைத்தேன். வைத்தபடியே இருந்தேன். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் எள்ளளவுக்குப் பாவாயியின் கை தெரிந்தது, மூக்கணாங்கயிற்றை இடது பக்கம் இழுத்துப் பிடித்தபடி. அந்த அம்மாள் இழுத்த கையையும் நான் இறக்காத கையையும் ஒரே பிளேட்டில் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. தெருவில் பதநீர்க்காரர் கூவிக்கொண்டு போனார். கத்தியை உறையில் போட்டேன். துணியில் டர்பன்டைனைத் தொட்டு என் நிழலின் மேலிருந்த பென்சிலைத் துடைத்தேன்.

இதை ஏதோ தர்மாவேசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டேஷனுக்குப் படத்தைக் கொண்டுபோகும்போதுகூட, நிழலைப் பற்றி நானாக வாயைத் திறப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கல்லும் சக்கரமும் தெரிந்தால் அந்த அம்மாளுக்குப் போதும். மிச்சத்தை யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் மேசைக்கு ஒரு பக்கம் ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் பாவாயி நின்றார். நான் படத்தை மேசைமேல் வைத்தேன். ஏஜெண்ட் அதை ஒரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சக்கரம் கல்லுக்கு வெளியிலதானே நிக்குது?" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.

"மோட்டார் சைக்கிள் நடு ரோட்டுல?"

"ஆமாங்க. நான்தான் நடு ரோட்டுல வரச் சொன்னேன்."

அவர் பாவாயியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். "ஏம்மா, இது உன் வண்டிதானே?"

பாவாயி அதுவரை ஒரு போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். விளிம்பில் பிடித்துக்கொண்டு, முதலில் எருதைத் தேடினார். கண்டுபிடித்ததும் உதட்டைக் கடித்தார். பிறகு விரல் கீழே வந்தது.

"இதென்னங்க சாமி? ரோட்டுல ஒரு ஆளு கையத் தூக்கிக்கிட்டுப் படுத்திருக்குறாப்பல இருக்குது?"

அவர் என்னைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டார்.

"அது நானுங்க. என் நிழல்," என்றேன். "வண்டி வரலாம்னு நான் கை காட்டுனது."

சப்-இன்ஸ்பெக்டர் படத்தை வாங்கி மறுபடி பார்த்தார். "இந்த அம்மா பள்ளத்துல இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் கையத் தூக்கினியா?"

"ஆமாங்க. தாண்டிருவாங்கன்னு நெனச்சேன்."

"அந்த ஆளு மேட்டு மேல வந்தப்புறமும் கை எறங்கலையே?"

"எறக்கலீங்க."

அவர் எழுதிக்கொண்டார். பாவாயி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு பொருளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்திருப்பவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

புகார் அன்றே தள்ளுபடியாயிற்று. என்னைச் சப்-இன்ஸ்பெக்டர் நிற்கவைத்துக் கடுமையாகப் பேசினார். எழுதியதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார். அடிபட்ட எருதுக்குப் பதிலாக ஏஜெண்ட் ஓர் எருது வாங்கிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். பாவாயி தாமே சந்தைக்கு வந்து, அவர் ஆட்கள் காட்டிய முதல் எருதின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, "இது எங்கூட்டு மாட்டுக்கு அப்பன் வயசுங்க," என்று சொல்லி, வேறொன்றைக் கைகாட்டி வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஏஜெண்ட் எங்கள் ஸ்டூடியோவுக்கு மறுபடி வரவில்லை. முதலாளி பவானியிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டு, "சரி" என்றார். வேகக் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் மறுபடி முகங்களைத் திருத்தப் போனேன்.

அந்த வருஷத்தில்தான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது, அதுவும் சும்மா இருக்கும்போது. ஸ்டூடியோ வாசலில் நின்று தெருவில் போகிற ஜட்கா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமல் பார்த்தால் ஜட்கா கலங்கிப் போகிறது, எதிர்ச்சுவர் தெளிவாக நிற்கிறது. ஜட்காவோடு சேர்த்துத் தலையைத் திருப்பினால் ஜட்கா தெளிவாக இருக்கிறது, சுவர் ஓடுகிறது. அதாவது கேமராவும் வண்டியோடு திரும்ப வேண்டும். ஷட்டர் மெதுவாக இருக்க வேண்டும். அப்படி எடுத்தால் வண்டி எவ்வளவு நிதானமாக வந்தாலும் பின்னால் உள்ள மரமும் மண்ணும் கோடுகோடாக இழுபடும். பார்க்கிறவருக்கு அதுதான் வேகம். முதலாளியிடம் கெஞ்சிப் பீரோவைத் திறக்கவைத்து, சைக்கிளில் போகிறவர்களை எடுத்துப் பார்த்தேன். பல பிளேட் வீணாகி, பிறகு கை படிந்தது.

ஒரு தை மாதக் காலையில் அர்த்தநாரி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு விழுந்த அதே மோட்டார் சைக்கிள். விழுந்த வண்டியை வாங்க ஆள் வராததால் கடையிலேயே கிடந்ததை அவரே பிரித்துக் கோத்திருந்தார். வலது முழங்கால் மடங்காது. காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். கடையில் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்த பிறகு நான் அவரைப் பார்க்கப் போயிருக்கவில்லை. போக முகமில்லை.

"நான் வண்டி ஓட்டி எம் பொண்டாட்டி ஒருநாளும் பாத்ததில்லீங்க. ஊட்டுல மாட்ட ஒரு படம் வேணும்," என்றார். "வேகமா வர முடியாதுங்க இப்ப."

"வேகமா வர வேண்டாம்," என்றேன்.

அம்மாபேட்டையைத் தாண்டி, இரண்டு பக்கமும் புளியமரம் நிற்கிற இடத்துக்குப் போனோம். நான் ஸ்டாண்டை ரோட்டைவிட்டுத் தள்ளி வயலோரம் வைத்தேன். எங்கிருந்து வர வேண்டும், எங்கே திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"நீங்க கை காட்ட வேண்டாமுங்க. ரோட்டப் பாத்துக்கிட்டு, எனக்குத் தோணும்போது நான் வாரேன்."

"சரிங்க," என்றேன். அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று தடவை வந்தார். ஜட்காக் குதிரையின் ஓட்டத்துக்குமேல் போகவில்லை. ஒரு லாரிக்கு ஓரத்தில் நின்று வழிவிட்டார். தலையில் சுமையோடு போன இரண்டு பெண்கள் கடந்து போகும்வரை காத்திருந்தார். நான் அவரோடு சேர்ந்து திரும்பினேன். இரண்டாவது பிளேட் நன்றாக விழுந்தது. புளியமரங்கள் எல்லாம் கோடாகக் கரைந்து ஓட, நடுவில் வண்டியும் அவர் முகமும் துல்லியமாக நின்றன. நீட்டிய கால்கூட, காற்றைக் கிழிக்க வேண்டுமென்றே நீட்டியது போல இருந்தது.

நாலு நாள் கழித்து வந்து படத்தை வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத்தன வேகமாவா வந்தேன் நானு?"

"இல்லீங்க. மெதுவாத்தான் வந்தீங்க. கேமராவைத் திருப்பி எடுத்தா அப்படி விழும்."

"எத்தன மெதுவா வந்தாலுமா?"

"எத்தன மெதுவா வந்தாலும்."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அன்னைக்கே இப்பிடி எடுத்திருக்கலாமுங்களே."

அதில் குத்தல் இல்லை. ஒரு மெக்கானிக், வேறு போல்ட்டைப் போட்டிருக்கலாம் என்று சொல்வது போலச் சொன்னார்.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

தலையை ஆட்டினார். படத்தைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தார். அந்தக் காலால் வண்டியை உதைத்துக் கிளப்ப முடியாது. யாராவது தள்ள வேண்டும். நான் படியிறங்கிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளினேன். பத்துப் பன்னிரண்டு அடியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் கையை எடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைவீதியில் ஜனம் அதிகம்; ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனார்.